மோதிரம் திருடிய குழந்தை

அமீர் ஹம்சா பிறந்த அதே நாளில் மெக்காவில் வேறொரு குழந்தையும் பிறந்தது. அந்தப் பிறப்பை, ஹம்சாவைப் பற்றிய நெடுங்கதையான தாஸ்தான் இப்படிச் சொல்கிறது. பாரசீகப் பேரரசன் நவ்ஷேர்வானின் அமைச்சர் புஸுர்ஜ்மெஹ்ர் அந்த நகரத்துக்கு வந்து தங்கியிருக்கிறார். இன்று பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டினால் பொன் தருவேன் என்று அறிவிக்கிறார். ஒட்டகம் ஓட்டிப் பிழைக்கும் உமையா அதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடுகிறான். மனைவிக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. இப்போதே பெற்றுக்கொடு என்கிறான். அது என் கையிலா இருக்கிறது என்கிறாள் அவள். வயிற்றில் ஓங்கி உதைக்கிறான். குழந்தை பிறக்கிறது, அவள் இறந்துபோகிறாள். உமையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன் வாங்க ஓடிவருகிறான். அமைச்சர் மடியில் வாங்கிக்கொள்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. அழுகையை நிறுத்த விரலைச் சூப்பக் கொடுக்கிறார். அழுகை நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அமைச்சரின் விரலில் இருந்த மோதிரத்தைக் காணவில்லை. அது குழந்தையின் வாய்க்குள் இருக்கிறது.

அந்தக் குழந்தைதான் அமர் அய்யார். மாறுவேடத்தில் தேர்ந்தவன், ஓட்டக்காரன், உளவாளி, பேராசைக்காரன், அய்யார்கள் என்னும் தந்திரக்காரர்களுக்கெல்லாம் தலைவன். நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக இந்தியாவில் சொல்லப்பட்டு வரும் மிகப் பெரிய மாயக் கதைத் தொடரில் மக்கள் மனத்தை முழுக்க வென்றவன் இவன்தான். கதை ஹம்சாவின் பெயரில் இருக்கிறது. நபிகள் நாயகத்தின் சிறிய தந்தையின் பெயரைத் தாங்கிய அந்த வீரன் வரலாற்றிலிருந்து வெகுதூரம் விலகிவந்த கற்பனைப் படைப்பு. பேரழகன், வாக்குத் தவறாதவன், தோற்காதவன். கேட்பவர்கள் அவனுக்கு மரியாதை செய்வார்கள். அமர் வரும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு கதாபாத்திரத்தின்மேல் நமக்கு முதன்முதலில் அன்பு எப்போது பிறக்கிறது? படிக்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரு தியாகத்தையோ வீரச் செயலையோ சொல்வார்கள். அன்பு அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது என்பதே என் எண்ணம். தியாகம் நடக்கிறபோது நாம் கலங்குவதற்குக் காரணம் ஏற்கெனவே அவனோடு நமக்கு ஒட்டு உண்டாகிவிட்டதுதான். அந்த ஒட்டு, நல்ல காரியம் எதுவும் நடக்காத இடத்தில், அவனுடைய ஆசை ஒன்று வெளியே தெரிந்துவிடுகிற கணத்தில் உண்டாகிறது. டோல்கியனின் நாவலில் தோட்டக்காரன் சாம், ஜன்னலுக்கு அடியில் நின்று ஒட்டுக்கேட்டுப் பிடிபடுகிறான். எல்ஃபுகளைப் பார்க்க வேண்டும் என்ற தீராத ஆசை அவனுக்கு. 1954இல் அந்த நூல் வந்ததிலிருந்து எத்தனையோ பேர் சாமை நேசித்தது அந்த ஜன்னலடியில் தொடங்கியிருக்கும். கல்கியின் பெருங்கதைக்குப் பொன்னியின் செல்வன் என்று பெயர். பெயருக்கு உரியவன் இரண்டாம் பாகத்தில்தான் நேரில் வருகிறான். அதற்குள் வல்லவரையன் வந்தியத்தேவன் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். துடுக்கும் வாயடக்கமின்மையும் அழகைக் கண்டால் நின்றுவிடுகிற கண்ணும் கொண்ட அவனை, அவன் சோழ நாட்டுக்கு ஆற்றிய தொண்டை எண்ணிப் பார்த்தா நேசித்தோம்?

படிப்பவர்களுக்கு இந்தக் கணம் தனிமையில் நேர்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. தில்லியில் அதைக் காதால் கேட்க முடியும். தாஸ்தான் சொல்லும் சபைகளில் நான் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். உருது முழுக்கப் புரியாத என் போன்றவர்களும் அங்கே இருப்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு அமர் யாரென்றே தெரிந்திருக்காது. வெள்ளை விரிப்பில், வெள்ளை அங்கர்காவும் தொப்பியும் அணிந்து இருவர் மண்டியிட்டு அமர்ந்திருப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் குடிக்க வெள்ளிக் கிண்ணம், திண்டு, மெழுகுவத்தி. இசையில்லை, காட்சித் திரையில்லை, எழுந்து நடமாடுவதுகூட இல்லை. குரலும் கையும் முகமும் மட்டும். அமரின் வருகையைச் சொல்லும் இடத்தில் ஒரு சிறு சிரிப்பு எங்கோ ஓரத்தில் கிளம்பும். பிறகு அவன் ஏதோ ஒரு சூனியக்காரனின் மாளிகைக்குள் பாடகியாக வேடமிட்டு நுழைந்து, மதுவில் மயக்கப் பொடியைக் கலந்து, எல்லோரும் சாய்ந்ததும் வலையை வீசி நகை, பாத்திரம், விரிப்பு என்று ஒன்று விடாமல் தன் பைக்குள் போட்டுக்கொள்ளும்போது அவை முழுவதும் அவன் பக்கம் சாய்ந்துவிடும். வாஹ் வாஹ் என்ற குரல்கள் வரிசை வரிசையாக எழும். முன்பின் அறியாதவர்கள் ஒரே நேரத்தில் ஒருவன்மேல் பிரியம் கொள்ளும் ஓசை அது.

அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸம்பீல் என்று பெயர். எவ்வளவு போட்டாலும் நிறையாது. நகரங்களும் ஆறுகளும் அதற்குள் இருக்கின்றன. ஹம்சா நவ்ஷேர்வானின் ஆணைப்படி மன்னன் லந்தாவூரை வெல்ல சரந்தீபுக்கு வருகிறான். அங்கே ஆதமின் பாதம் பதிந்த மலையில் அமருக்கு மாயப் பொருள்கள் கொடையாகக் கிடைக்கின்றன. சரந்தீப் என்பது இலங்கை. அந்த மலை நம்மவர் சிவனொளிபாதம் என்று கும்பிட்டு ஏறும் மலை. தில்லியின் நாயகன் தன் புகழ்பெற்ற பையை நமக்குத் தெரிந்த ஒரு மலையில்தான் பெற்றான் என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

தில்லிக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு பழையது. சர் சையது அகமது கான் 1847இல் வெளியிட்ட தன் நூலில் ஜாமா மசூதியின் வடக்குப் படிகளை விவரிக்கிறார். மாலை நேரத்தில் அங்கே தாஸ்தான்கோ என்னும் கதைசொல்லி வந்து மோடாவைப் போட்டு உட்கார்ந்து அமீர் ஹம்சா கதையைச் சொல்வார். இன்னொரு பக்கம் ஹாதிம் தாயின் கதை, வேறோர் இடத்தில் போஸ்தானே கயால். கேட்பவர் கூட்டம் ஒவ்வொன்றையும் சுற்றி நிற்கும். இந்தப் படிகளை நினைக்கும்போதுதான் அமர் ஏன் இப்படிப் படைக்கப்பட்டான் என்பது எனக்கு விளங்குகிறது. புத்தகத்துக்கு முதல் பக்கம் உண்டு. படிக்கட்டுக்கு அது இல்லை. கபாப் வாங்க வந்தவன், தொழுகை முடித்து இறங்குகிறவன், வெளியூரிலிருந்து வழக்குக்காக வந்தவன் என்று யார் வேண்டுமானாலும் கதையின் எந்த இடத்திலும் வந்து சேர்வார்கள். நேற்று கேட்டவன் இன்று வரமாட்டான். ஹம்சாவின் பெருமையை உணர அவனுடைய பழைய வெற்றிகள் தெரிந்திருக்க வேண்டும். அமருக்கு அப்படி எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்: ஒரு காசுக்காக அவன் பேரம் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் அவனைத் தெரிந்துவிடும். ஒவ்வொரு மாலையும் புதிதாக வருகிறவனுக்கு முதல் சந்திப்பாகும்படி அவனை வார்த்திருக்கிறார்கள். எந்த இடத்தில் நுழைந்தாலும் அன்பு பிறக்கும்படி ஒரு பாத்திரத்தை அமைப்பது தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் எளிதில் கைவராத வித்தை.

அக்பர் இந்தக் கதையை ஏறத்தாழ 1400 ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். 1562 வாக்கில் தொடங்கிய வேலை பதினைந்து ஆண்டுகள் நடந்தது. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. வியன்னாவிலும் லண்டனிலும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் அமர் வைத்தியராக வேடமிட்டுச் சூனியக்காரர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறான். இளம் பேரரசனும் அமரைக் கண்டு சிரித்திருப்பான் என்று நம்ப அந்த ஒரு படம் போதும் எனக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இந்த வாய்மொழிப் பெருக்கை அச்சில் கொண்டுவந்தது. மொத்தம் 46 பெரும் தொகுதிகள். அவற்றில் மிகவும் கொண்டாடப்படும் பகுதி தில்ஸ்மே ஹோஷ்ருபா; 1883 முதல் வெளிவந்தது. முதல் நான்கு தொகுதிகளை முகமது ஹுசைன் ஜாஹ் எழுதினார், எஞ்சியவற்றை அகமது ஹுசைன் கமர். தாஸ்தானுக்கு நான்கு அங்கங்கள் என்பார்கள்: ரஸ்ம் என்னும் போர், பஸ்ம் என்னும் கேளிக்கை, தில்ஸ்ம் என்னும் மாய உலகம், அய்யாரி என்னும் தந்திரம். ஹோஷ்ருபாவில் போர் பின்வாங்கிவிடுகிறது. ஹம்சாவே பல நூறு பக்கங்களுக்குக் கண்ணில் படுவதில்லை. பேரரசன் அஃப்ராசியாபின் மாய நாட்டை அமரும் அவனுடைய சீடர்களும்தான் கலக்குகிறார்கள். இதைக் கதை சொல்லிகளின் தனி விருப்பம் என்று நான் நினைக்கவில்லை. படிக்கட்டில் நின்ற கூட்டம் தலைமுறை தலைமுறையாக வாஹ் வாஹ் என்று சொல்லிச் சொல்லி நாயகனை மாற்றிவிட்டது. கேட்பவர்களின் அன்பே கதையின் போக்கைத் திருப்பிய அபூர்வமான இடம் இது.

மிர்ஸா காலிபும் அந்தக் கேட்பவர்களில் ஒருவர். 1857க்குப் பிறகு தில்லி குலைந்து கிடந்தது. நண்பர்கள் பலர் தூக்கிலிடப்பட்டார்கள் அல்லது ஊரைவிட்டே போனார்கள். ஜாமா மசூதியை ஆங்கிலேயர்கள் 1862 வரை தங்கள் வசம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சீடர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் முதிய காலிப் குழந்தையைப் போல மகிழ்கிறார்: அமீர் ஹம்சா தாஸ்தானின் தடித்த தொகுதி ஒன்றும் போஸ்தானே கயாலின் தொகுதி ஒன்றும் கைக்கு வந்திருக்கின்றன, நல்ல மதுவும் இருக்கிறது, பகலெல்லாம் படிப்பு, இரவெல்லாம் குடி என்று. அழிந்த ஊரில் ஒரு மகாகவி மாயக் கதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை உலகத்திலிருந்து தப்பி ஓடியது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பேரரசர்களின் மாளிகைக்குள் வெறுங்கையோடு நுழைந்து, அவர்களை மயக்கிப் படுக்கவைத்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிற ஒருவனைத் தோற்றுப்போன தில்லி நேசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

பிறகு அந்த ஓசை மெல்ல ஓய்ந்தது. தில்லியின் கடைசிப் பெரும் தாஸ்தான்கோ மீர் பாகர் அலி 1928இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் பிழைப்புக்காகப் பாக்கு விற்றார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சினிமா வந்துவிட்டது. கற்றவர்களுக்குத் தாஸ்தான் கூச்சம் தரும் பழைய குப்பையாகிவிட்டது. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு மௌனம். அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்த விமர்சகர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூகி அந்த 46 தொகுதிகளையும் தேடித் தேடிச் சேர்த்து, படித்து, இது பெரும் இலக்கியம் என்று பல தொகுதிகளாக எழுதி நிறுவினார். அவருடைய தூண்டுதலில் மஹ்மூத் ஃபாரூகி 2005இல் தில்லி இந்தியா இண்டர்நேஷனல் சென்டரில் தாஸ்தானை மீண்டும் மேடையேற்றினார். பழைய தில்லியின் பஹாடி போஜ்லா பகுதியில் வளர்ந்த ஃபௌஸியா இந்தக் கலையின் முதல் பெண் கலைஞராக அறியப்படுகிறார். 2018இல் முப்பது வயதில் இறந்துபோன அங்கித் சட்டா புதிய கதைகளைப் பழைய முறையில் சொன்னார். அந்த இழப்பை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

மோதிரத்துக்குத் திரும்புகிறேன். சபையில் சிரிப்பு எழுவது மோதிரம் குழந்தையின் வாயிலிருந்து வெளிப்படும் இடத்தில். எனக்கு அதற்கு முந்திய வரியில்தான் மனம் நின்றுவிடுகிறது. பொன்னுக்காக உதைபட்டு இறந்த பெண்ணின் பிள்ளை அவன். அவனைப் பெற்ற விலை பொன். தாஸ்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவதில்லை. தாயின் சாவை வேடிக்கைபோலத் தாண்டிப் போய்விடுகிறது. அவள் பெயர்கூட நம் நினைவில் தங்குவதில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் பொன்னைக் கண்டால் கைநீட்டுகிறவனாக அமர் இருப்பதும், எவ்வளவு போட்டாலும் நிறையாத பை அவனுக்கு வாய்ப்பதும் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பிறந்த நாளிலேயே தன் தாய்க்கு ஈடாகப் பெறப்பட்டதை அவன் பேரரசர்களிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொண்டே இருக்கிறான். கதை சொல்லிகள் இதை எண்ணிச் செய்திருக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையில், சொன்னவர்கள் அறியாமலே இப்படிச் சில உண்மைகள் ஒளிந்துகொள்ளும். சிரிக்கிற சபையும் உள்ளூர அதை உணர்ந்துதான் சிரிக்கிறது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

முதல் அன்பு அப்படிப் பிறக்கிறதென்றால் அதை நிலைக்கவைப்பது வேறொன்று. ஹம்சா தன் காதலி மெஹர் நிகாரை விட்டுவிட்டுப் பரிகள் என்னும் தேவதைகளின் நாடான காஃபுக்குப் போகிறான். பதினெட்டு நாளில் வருவதாகச் சொல்லிப் போகிறவன் திரும்ப 18 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் மெஹர் நிகாரை அவளுடைய தகப்பன் நவ்ஷேர்வானின் படைகளிடமிருந்து காப்பவன் அமர். ஒரு கோட்டையில் உணவு தீர்ந்தால் அடுத்த கோட்டை. அதை எதிரியிடமிருந்து தந்திரத்தால் பறித்து, படையையும் பெண்களையும் நகர்த்திக்கொண்டு போகிறான். வழியெல்லாம் செலவுக் கணக்கைச் சொல்லிப் புலம்புகிறான். ஒரு நாளும் விட்டுப் போகவில்லை. காசுக்கு உயிரை விடுகிற ஒருவன் வராத நண்பனுக்காக 18 ஆண்டுகள் காவல் நிற்கிறான். ஹம்சா இதைச் செய்திருந்தால் நமக்கு வியப்பிருக்காது, அவனிடம் நாம் எதிர்பார்ப்பதே அதுதான். அமர் செய்யும்போது தொண்டை அடைக்கிறது. அந்த மோதிரத்தைத் திருடியவன்தானே இவன் என்ற நினைவு உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால்தான் அடைக்கிறது.

இந்த அன்புக்கு ஒரு விலையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமர் மயங்கிக் கிடப்பவர்களின் கழுத்தை அறுக்கிறான். சூனியக்காரர் ஒருவர் இறந்ததும் இருள் சூழ்ந்து, புயல் வீசி, என்னைக் கொன்றார்கள், என் பெயர் இன்னது என்று ஒரு குரல் அறிவிக்கும். அந்தக் குரல் எழும்போதும் சபை கைதட்டுகிறது. ஒருவன்மேல் அன்பு வைத்துவிட்டால் அவன் யாரைக் கொல்கிறான் என்று கேட்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். அரசியல் மேடைகள் நிறைந்த இந்தத் தலைநகரில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது எனக்கு உடல் நடுங்கியதுண்டு. ஆனாலும் தாஸ்தான் நேர்மையானது. செத்தவனுக்குத் தன் பெயரைச் சொல்ல ஒரு கணம் கொடுக்கிறது. கேட்கிற காது இருந்தால் அந்தப் பெயரும் கேட்கும்.

அய்யார்கள் இந்திக்கும் வந்தார்கள். காசியில் வாழ்ந்த தேவகி நந்தன் கத்ரி எழுதிய சந்திரகாந்தா நாவலைப் படிப்பதற்காகவே பலர் நாகரி எழுத்து கற்றார்கள் என்று இந்தி இலக்கிய வரலாறு சொல்கிறது. 1994இல் தூர்தர்ஷனில் அது தொடராக வந்தபோது, சட்டகத்தையே உடைத்துக்கொண்டு மக்கள் மனத்தில் ஏறியவன் நாயகனில்லை. அகிலேந்திர மிஸ்ரா நடித்த க்ரூர் சிங் என்ற வில்லன். அவன் எதற்கெடுத்தாலும் யக்கூ என்பான். அந்த ஒற்றை ஒலிக்காக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வட இந்தியா முழுவதும் காத்திருந்தது. அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்து, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்ட தில்லிக்காரர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

தமிழ் வாசகர்களில் பலர் ஆங்கில வழியாகவே மாயக் கதைகளுக்கு வந்து சேர்கிறோம். சாமையும் டம்பிள்டோரையும் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அமரைத் தெரியாது. ஹம்சா கதையையும் ஹோஷ்ருபாவின் முதல் பகுதியையும் முஷர்ரஃப் அலி ஃபாரூகி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதிலிருந்து தமிழுக்கு எடுத்தால் சுவை இரண்டு முறை வடிகட்டப்பட்டுவிடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உருதைத் தாய்மொழியாகவும் தமிழைத் தெருமொழியாகவும் பேசி வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு மொழியின் கேலியும் செல்லமும் அவர்களுக்குத் தெரியும். அமருக்குத் தமிழ்க் குரல் கொடுக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாருமில்லை. 46 தொகுதிகளும் வேண்டாம். பிறப்பிலிருந்து சரந்தீப் மலை வரைக்குமான பகுதியை மட்டும் உருதிலிருந்து நேரே மொழிபெயர்த்துத் தாருங்கள். அச்சிடத் தமிழில் பதிப்பகங்கள் இருக்கின்றன, படிக்க நாங்கள் இருக்கிறோம்.